எறும்புக்கு வீடு பார்த்த மாப்பிள்ளை

இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகும் பிராணி கடிக்காது, குரைக்காது, தெரிந்து யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. நகரங்களில் அதிகம் தென்படும். சட்டைப் பையில் பேனா, கையில் கட்டம் போட்ட நோட்டு, இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஒரு சுருக்கம். கடை வாசல்களில் அசையாமல் நிற்கும். நெருங்கிப் போனால் அதன் குரலைக் கேட்கலாம். வருடம் முழுவதும் ஒரே குரல்தான்: "இன்னும் ஒண்ணு பாத்துடலாம்."

இவருக்குப் 'பாத்துடலாம் பேர்வழி' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். தெருவில் எல்லா ஜன்னல்களிலும் திரை தொங்கும், ஒரு வீட்டு ஜன்னலில் மட்டும் கம்பி இருக்கும், திரை இருக்காது. கம்பியை மாட்டி இரண்டு வருடம் ஆகியிருக்கும். திரைத் துணிக்கு இருபத்திரண்டு மாதிரித் துண்டுகள் வாங்கி, துவைத்து, வெயிலில் போட்டு, எது எவ்வளவு வெளுக்கிறது என்று குறித்து வைத்திருப்பார். அதுவரை ஒரு பழைய போர்வையையாவது தொங்கவிடக் கூடாதா என்று கேட்டுப் பாருங்கள். "வேண்டவே வேண்டாம். அப்புறம் அதுவே நிரந்தரமாயிடும்" என்பார். ஆகவே அந்தக் குடும்பம் இரண்டு வருடமாகக் காலை ஆறரைக்கு முகத்தில் சூரியனோடு எழுந்திருக்கிறது.

சோம்பேறி என்று மட்டும் அவரைச் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறிக்கு நிம்மதி உண்டு. இவர் உழைப்பாளி. ஒரு பல்துலக்கி வாங்குவதற்கு நான்கு மாதம் பாடுபடுவார், பாடுபட்ட நான்கு மாதமும் மயிரெல்லாம் படுத்துப்போன பழைய பல்துலக்கியாலேயே ஈறைக் கிழித்துக்கொள்வார். செருப்புக் கடைக்காரர் அவர் தலை தெருமுனையில் தெரிந்ததுமே உள்ளே போய்த் தம்பியை அனுப்புவார். தம்பி அண்ணனைக் கூப்பிடுவார். கடைசியில் இருவரும் சேர்ந்து முப்பது ஜோடிகளை இறக்குவார்கள். எல்லாவற்றையும் போட்டு, நடந்து, வளைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, நம்மவர் போன வருடத்துச் செருப்பையே மாட்டிக்கொண்டு, "நல்ல சரக்கு வெச்சிருக்கீங்க" என்று வாழ்த்திவிட்டுப் படி இறங்குவார்.

இப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் தேட வேண்டாம். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் தங்கையின் கணவர்.

இவருக்கு எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இருவரும் ஒரே பஸ் நிறுத்தத்தில் இரண்டு வருடம் நின்றவர்கள். பேச்சு, சிரிப்பு, குடையில் பாதி என்று எல்லாம் ஆகியும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் என் தங்கையே நேராகக் கேட்டுவிட்டாள். இவர் "யோசிச்சுச் சொல்றேனே" என்றார். "தாராளமா யோசிங்க. பஸ் வர்ற வரைக்கும்" என்றாள் அவள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பஸ், அன்றைக்கு மூன்றே நிமிடத்தில் வந்து நின்றது. அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே அவசர முடிவு அதுதான். பதினோரு வருடமாகக் குடும்பம் நன்றாகவே நடக்கிறது. அந்த டிரைவர் யார் என்று தெரிந்தால் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. காலையில் ஏழு டின்களைத் திறந்துவைத்து, ஏழும் எனக்கும் உங்களுக்கும் ஒரே வெள்ளையாகத் தெரிய, "இது போகலாம், இது போகலாம், இது நீலம் தூக்குது, திருப்பி அனுப்பு" என்று நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவாராம். அங்கே அவருக்கு நல்ல பெயர். "ஆபீஸ்ல மட்டும் எப்படி மாப்பிள்ளை இவ்வளவு வேகம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க கீழ லாரி நிக்குது மச்சான்" என்றார். "வீட்ல என்ன லாரியா நிக்குது?"

நான் சொல்லவந்த கதை எறும்பைப் பற்றியது.

மழை விட்ட ஒரு சாயங்காலம், சிறகு முளைத்த பெரிய கறுப்பு எறும்பு ஒன்று அவர்கள் வீட்டுக் கைகழுவும் தொட்டியில் வந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே சிறகுகளை உதிர்த்துப் போட்டுவிட்டு, புதிதாகக் குடிவந்தவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தது. என் தங்கை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். எதைக் கண்டாலும் முதலில் குழாயில் போட்டு மூடிவிடுவாள். ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயை எடுத்தாள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டாள், தண்ணீர் சிந்தாதபடி நடுவில் பஞ்சை அழுத்தினாள், எறும்பை உள்ளே விட்டாள், வாயில் இன்னொரு பஞ்சை வைத்தாள். மூன்று நிமிட வேலை. நடுப்பஞ்சு எப்போதும் ஈரமாக இருக்கும், அதை உறிஞ்சிக்கொண்டு எறும்பு மாதக்கணக்கில் இருக்கும் என்றாள்.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். படித்தார். மறுபடி பார்த்தார். "இது ராணி! இது ஒண்ணே ஒரு கூட்டத்தையே உண்டாக்கும்!" என்று வீடு அதிரக் கத்தினார். அன்றிலிருந்து குழாய் அலமாரியின் இருட்டு மூலையில் குடியேறியது. மனிதர் தினமும் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். முட்டை வந்தது. புழு வந்தது. ஆறாவது வாரம் முதல் வேலைக்காரி எறும்பு தத்தித் தத்தி நடந்தபோது, கம்பெனிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டார். பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. "இதுங்க கூட்டமா வீடு மாறும் மச்சான். முட்டையைத் தூக்கிட்டு, புழுவைத் தூக்கிட்டு, ராணியை நடுவுல விட்டு. அதை மட்டும் நேர்ல பாத்துட்டேன்னா போதும் எனக்கு" என்றார்.

வீடு மாற வேண்டுமென்றால் வீடு வேண்டுமல்லவா? ஒரு புத்தகம் அளவுக்குத் தட்டையான கண்ணாடிப் பெட்டி ஒன்றை அவரே ஒட்டிச் செய்தார். நன்றாகவே செய்தார். பெட்டி தயாரானதும் அந்தக் கேள்வி பிறந்தது. உள்ளே எதைப் போடுவது? எறும்பு குடைந்து, அறை கட்டி, முட்டையை வைக்க உகந்த தரை எது?

அவ்வளவுதான். பிடித்தது சனி.

மணல் போடலாம், ஆனால் காய்ந்தால் சரிந்து ராணியின் தலையில் விழும். மணலோடு களிமண் கலக்கலாம், சுரங்கம் உறுதியாக நிற்கும், ஆனால் எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு? தேங்காய் நார்த்தூள் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், கூடவே பூஞ்சையையும் பிடிக்கும். பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி அறைகளை நாமே செதுக்கிவிடலாம், ஆனால் எறும்பின் விருப்பத்தைக் கேட்காமல் நாம் அறை செதுக்குவது எந்த ஊர் நியாயம்? கட்டிடத்துக்குப் போடுகிற, தண்ணீரில் மிதக்கிற, துளைத்துளையான வெள்ளைக் கல் இருக்கிறதே, அதைக் குடைந்தால் பல வருடம் வரும், ஆனால் கறுப்பு எறும்புக்கு வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசாதா? இந்தக் கடைசிக் கேள்வியை அவர் என்னிடமே கேட்டார். கறுப்பு எறும்பிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. தங்கை முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வெள்ளைக் கல்லுக்காக ஒரு கட்டிடம் எழும்புகிற இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"எத்தனை கல்லு வேணும் சார்?"

"அரைக் கல்லு போதும்."

"அரைக் கல்லா? என்ன கட்டப் போறீங்க?"

"வீடுதான்."

"யாருக்கு?"

மாப்பிள்ளை கொஞ்சமும் கூச்சப்படாமல் "எறும்புக்கு" என்றார். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் சாரத்தைப் பார்த்தேன்.

"சார், கட்டுற வீட்டுக்குள்ள எறும்பு வராம இருக்க நாங்க அடித்தளத்துலயே மருந்து அடிக்கிறோம். நீங்க அதுக்கே வீடு கட்டுறேங்கறீங்க. சரி, எடுத்துக்கிட்டுப் போங்க. எத்தனை எறும்பு?"

"இப்போதைக்கு முப்பத்தேழு."

"குடும்பம் பெருசுதான்" என்று கொத்தனார் ஒரு முழுக் கல்லையே தூக்கிக் கொடுத்தார்.

கல் வீட்டுக்கு வந்த வேகத்தில் சாப்பாட்டு மேஜை பறிபோயிற்று. ஐந்து ஒரே அளவு கிண்ணங்கள், ஐந்திலும் ஐந்து சரக்கு, ஒவ்வொன்றின் மேலும் பெயர்ச்சீட்டு. எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து, எது எவ்வளவு ஈரத்தை இழந்தது என்று நோட்டில் குறிப்பார். கிண்ணங்களுக்கு நடுவே யாரும் தட்டு வைக்கக் கூடாது. சூடான தட்டு ஆவியைக் கூட்டுமாம். என் தங்கையும் அவரும் எட்டு வாரம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் போனால் எனக்கும் மடிதான்.

போதாக்குறைக்கு எறும்பு வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் வேறு சேர்ந்துவிட்டார். எறும்புகள் ஒற்றுமையாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எறும்பு வளர்ப்பவர்கள் அப்படி இல்லை. களிமண் கட்சிக்காரர் ஒருவரும் பிளாஸ்டர் கட்சிக்காரர் ஒருவரும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல், ஆனால் விடாமல் ஒருவருக்கொருவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். "பிளாஸ்டரில் வளர்ப்பது வளர்ப்பே அல்ல" என்பார் ஒருவர். "களிமண்ணில் வளர்த்தால் எறும்பை எங்கே பார்ப்பது, கனவிலா?" என்பார் மற்றவர். மாப்பிள்ளை இருவருக்கும் தனித்தனியாக நன்றி தெரிவித்து, இருவர் சொன்னதையும் நோட்டில் எழுதி, இரண்டுக்கும் நேர் எதிராக ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த எட்டு வாரமும் அவர் எடை போட்டது எதை? ஓர் எறும்புகூட இல்லாத ஐந்து கிண்ணங்களின் ஈரத்தை. அரைக் கிராம் குறைந்தால்கூட அவருக்குத் தெரியும். அலமாரியில் எறும்புகள் உயிரோடு இருந்த குழாயில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குழாய் அவர் பட்டியலில் இல்லை. ஏனென்றால் அது போட்டியில் இல்லை.

இதை முதலில் பார்த்தவள் என் தங்கை. "என்னங்க, குழாய்ல தண்ணி பாதிக்கும் கீழ போயிடுச்சு" என்றாள்.

"ஆமாமா. அதுக்குத்தான் சீக்கிரம் முடிவு பண்ணிட்டிருக்கேன்."

மூன்று வாரம் கழித்து: "தண்ணி ஒரு விரல் அகலம்தான் இருக்கு. நான் வேணா புதுக் குழாய் ஒண்ணு போட்டு இதோட சேத்து வெச்சிடட்டுமா? அதுங்களே மாறிக்கும்."

மாப்பிள்ளை பதறிப்போய்விட்டார். "ஐயையோ, அதை மட்டும் பண்ணிடாதே. குழாய் சொகுசா இருந்தா அதுங்க அங்கேயே செட்டில் ஆயிடும். அப்புறம் நான் என்ன தரை போட்டாலும் வராது. இவ்வளவு நாள் பாத்ததெல்லாம் வீணாயிடும். அடுத்த வாரம் கண்டிப்பா முடிச்சுடறேன்."

கேட்டீர்களா? ஜன்னலுக்குப் போர்வை கூடாது என்ற அதே சட்டம்தான். சிறந்தது வரும்வரை சுமாரானதை உள்ளே விடக்கூடாது. சிறந்தது வருவதற்குள் காத்திருப்பவர்கள் செத்துப்போனால்? அதற்கு நோட்டில் பத்தி இல்லை.

அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது மாப்பிள்ளை வாசலுக்கே ஓடி வந்தார். முகத்தில் ஒரே பரவசம், கூடவே வேதனை.

"மச்சான், மூணு கழண்டுடுச்சு! மணல் அவுட், நார்த்தூள் அவுட், பிளாஸ்டர் அவுட். பூஞ்சை வந்துடுச்சு, பாருங்க எவ்வளவு அழகா வந்திருக்கு!"

"அப்போ மிச்சம் ரெண்டு. பிரமாதம். எது ஜெயிச்சது?"

"அதான் மச்சான் கொடுமை. களிமண் கலவையும் வெள்ளைக் கல்லும் சமம். பதினோரு நாளா ரெண்டும் இழந்த ஈரம் கிராம் பிசகலை. இப்படி நடக்கவே நடக்காது. நடந்திருக்கு!"

உள்ளே என் தங்கை அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கெட்ட ரிப்போர்ட்டைப் படிக்கிற முகம். குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். தண்ணீர் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. நடுப்பஞ்சு பழுப்பேறி, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். அந்த ஓரத்தில்தான் எல்லா எறும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடைந்துகிடந்தன. ராணியை உள்ளே விட்டுச் சுற்றிலும் அவை நெருக்கிக்கொண்டிருந்தன. குழாயின் வாய்ப்பக்கம் மூன்று எறும்புகள் காலை மடக்கிச் செத்துக் கிடந்தன. எறும்புதானே என்று நீங்கள் சொல்லலாம். நேரில் பார்த்திருந்தால் சொல்ல மாட்டீர்கள்.

"அண்ணா, இன்னைக்கு ராத்திரி தாண்டாது" என்றாள்.

"அதான் இன்னைக்கே முடிவு பண்ணப் போறோமே! மச்சான் வந்துட்டாரில்ல. உக்காருங்க மச்சான். நீங்க வெளியாளா இருந்து பாருங்க. களிமண்ணா, கல்லா?" என்றார் மாப்பிள்ளை.

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. கல் என்றால் கல், முடிந்தது. எனக்கென்ன வந்தது? நான் தீர யோசித்துப் பேசுகிறவன் என்று எனக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன், அது வந்து கெடுத்தது. கல் சுத்தமாகத்தான் தெரிந்தது. களிமண்ணில் ஒரு இயற்கைத்தன்மை இருந்தது. இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். பிறகு பெரிய மனிதத் தோரணையில், "ஏன் மாப்பிள்ளை, ரெண்டும் சமம்னா பாதி பாதி போட்டா என்ன?" என்று திருவாய் மலர்ந்தேன்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "இத்தனை வாரமா இது எனக்குத் தோணவே இல்லையே மச்சான்! பாதி பாதி!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். புருவத்துக்கு நடுவே சுருக்கம் விழுந்தது. "ஆனா எது எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் கல்லு."

"தண்ணி விடுற ஓட்டை வலது பக்கம் இருக்கே."

"அப்போ வலது பக்கம் கல்லு."

"கல்லு வழியா ஈரம் மெதுவாப் போகும், களிமண் காஞ்சுடுமே."

"அப்ப மேல கீழ போடலாம்."

"கல்லு கீழயா மேலயா?"

நோட்டு திறந்தது. ஒரு படம் அவர் வரைந்தார், அதைத் திருத்தி ஒரு படம் நான் வரைந்தேன். மூலைவிட்டமாகப் பிரித்தால் என்ன என்று நான்தான் கேட்டேன், அதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தங்கை இரண்டு தடவை எங்களைக் கூப்பிட்டாளாம். "வந்து பாருங்க" என்றாளாம். நாங்கள் இருவரும் ஒரே குரலில் "ஒரே நிமிஷம்" என்றோமாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளை பேனாவை மூடினார். "கல்லு கீழ, களிமண் மேல, நடுவுல ஒரு சாய்வு. முடிஞ்சுது மச்சான். எடு அந்தக் குழாயை!"

"எதுக்கு?" என்றாள் தங்கை.

அவள் அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பழைய குழாயும் ஒரு புதுக் குழாயும் வாயோடு வாய் வைத்து ஒட்டப்பட்டிருந்தன. புதுக் குழாயில் தண்ணீர் பளபளத்தது. அதன் உடம்பின்மேல் மாப்பிள்ளையின் கறுப்புச் சாக்ஸ் ஒன்று உறை போல மாட்டியிருந்தது. பழைய குழாய்க்கு நேர் மேலே மேஜை விளக்கு எரிந்தது. பழைய குழாயில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

"எங்க காணோம்?" என்றார் மாப்பிள்ளை.

"போயிடுச்சு. வெளிச்சம் பட்டதும் ஒண்ணு மட்டும் அந்தப் பக்கம் போய்ப் பாத்துது. இருட்டா இருக்கு, ஈரமா இருக்கு. திரும்பி வந்து மத்ததுங்க முகத்தைத் தட்டிச்சு. அப்புறம் ரெண்டு போச்சு. அப்புறம் வரிசையா முட்டையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுச்சு."

"புழு?"

"புழுவையும்தான். ஒண்ணு தன்னைவிடப் பெரிய கூட்டுப்புழுவை இழுத்துட்டுப் போச்சு. பாதி வழியில விட்டுட்டு மூச்சு வாங்கிட்டு மறுபடி தூக்கிச்சு."

"ராணி?"

"கடைசியில."

"எப்படிப் போச்சு?"

"நடந்து போச்சு. சுத்தி நாலு பேர். ரெண்டு குழாயும் ஒட்டுற இடத்துல ஒரு நிமிஷம் நின்னு, பழைய இடத்தைத் திரும்பிப் பாத்துது. அப்புறம் உள்ள போயிடுச்சு. உங்களைக் கூப்பிட்டேன்."

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கில் அவர் பார்க்க ஆசைப்பட்ட ஒரே காட்சி, அவர் முதுகுக்குப் பின்னால், நான்கு அடி தூரத்தில், ஒன்றரை மணி நேரம் ஓடி முடிந்திருந்தது. அவரைக் கேலி செய்து எழுதுகிறேனே தவிர, அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. என்மேல் கோபமாகவும் இருந்தது. பாதி பாதி என்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மனிதர் திரும்பியாவது பார்த்திருப்பார். குழாயை ஒட்டுமுன் வெளியே எடுத்துவைத்திருந்த, செத்துப்போன மூன்றையும் தங்கை ஒரு காகிதத்தில் வைத்து மடித்தாள்.

மாப்பிள்ளை நெடுநேரம் அந்தச் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை நீட்டி அதன் ஓரத்தைத் தொட்டார். வருத்தத்தில் தடவுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இது பருத்தியா, நைலானா?" என்றார்.

தங்கை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? குனிந்து அந்தச் சாக்ஸைத் தடவிப் பார்த்தேன். நைலான் மாதிரிதான் இருந்தது.

இப்போது எறும்புகள் எண்பதைத் தாண்டிவிட்டன. சௌக்கியமாக இருக்கின்றன. வெறும் கண்ணாடித் தரையில், எந்த மண்ணும் இல்லாமல், ஒரு புகாரும் இல்லாமல். தண்ணீர் குறைந்தால் தங்கை அடுத்த குழாயை ஒட்டிவிடுகிறாள். மாப்பிள்ளைக்கு இதில் ஆட்சேபம் இல்லை, இன்னும் சொல்லப்போனால் அவசரம் இல்லாமல் நிதானமாகப் பார்க்க இப்போதுதான் வசதியாக இருக்கிறதாம். சாய்வு எத்தனை டிகிரி என்பதில் சின்னச் சந்தேகம். கிண்ணங்கள் ஏழாகியிருக்கின்றன. அவர் வீட்டில் சாப்பாடு இன்னும் மடியில்தான்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்குத் தெரியும். நீங்கள் எறும்பு வளர்க்கவில்லை, செருப்பை முகர்வதில்லை, உங்கள் ஜன்னலுக்குத் திரை இருக்கிறது. ஏதோ ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும், நன்றாக யோசித்துச் செய்யலாம் என்று கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். உங்கள் பதிலுக்காக யாரோ ஒருவர், சென்ற மாதமும் கேட்டுவிட்டு, போன வாரமும் கேட்டுவிட்டு, இப்போது கேட்பதை நிறுத்திவிட்டு, இந்த நிமிஷம் அடுத்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். முடிவை நீங்கள் நிதானமாகவே எடுங்கள். நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் அதுவரைக்கும் அந்த மனிதருக்குக் குடிக்க ஒரு வாய் தண்ணீராவது இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

என்ன, இன்னும் எழுந்திருக்கவில்லையே? எந்தத் தம்ளரில் கொடுப்பது என்று யோசிக்கிறீர்களா?